வேடந்தாங்கல் இருக்கட்டும், பக்கத்து ஏரிக்கு வாங்க

பொங்கல் வந்தால் கழுத்தில் பைனாகுலர் மாட்டிக்கொண்டு சிலர் ஏரிக்கரைகளில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 2015லிருந்து தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு அது. பொங்கல் விடுமுறையில் ஏதாவது ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிஷம் நின்று, கண்ணில் பட்டது எந்தப் பறவை, எத்தனை என்று குறித்து, இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். பட்டம் எதுவும் கேட்பதில்லை. சம்பளமும் கிடையாது.

"வேலை வெட்டி இல்லாதவங்க கொக்கை எண்ணிட்டுத் திரியறாங்க" என்று எங்க பக்கம் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். இந்தக் கணக்கு பறவைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு விவசாயிக்கும் தேவை. மறைமலை நகர் மாதிரி ஊருக்கு இன்னும் கூடுதலாகத் தேவை.

ஏன்னா, நம்ம ஞாபகத்தை நம்ப முடியாது. செல்போன் டவர் வந்து சிட்டுக்குருவியே அழிஞ்சுபோச்சு என்று நகரத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். 2020ல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை என்ன சொன்னது? சில பெருநகரங்களில் குறைந்திருக்கிறது, ஆனால் நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது என்றது. 2023ல் வந்த அடுத்த அறிக்கை பனங்காடை குறைந்துகொண்டே வருகிறது என்று எச்சரித்தது. கரண்டு கம்பியில் சும்மா உட்கார்ந்திருக்கும், பறந்தால் இறக்கையில் நீலம் மின்னுமே, அதே பறவைதான். அது குறைவதை யாரும் கவனிக்கவில்லை. சுமார் 30,000 பேர் குறித்துவைத்த 3 கோடிப் பதிவுகளைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் தெரிய வந்தது.

அதே அறிக்கை மயில் வேகமாகப் பெருகியிருக்கிறது என்றும் சொல்கிறது. இது எங்களுக்கு முக்கியம். மயில் கடலைச் செடியைக் கிளறுது, நாற்றங்காலை மிதிக்குது என்று நாங்கள் சொன்னால், "மயில் எப்பவும் இருந்ததுதானே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எண்ணிக்கை இருந்தால் அப்படி முடிக்க முடியாது. ஆக, இந்தக் கணக்கு பறவைக்கு மட்டும் சாட்சி இல்லை, எங்களுக்கும் சாட்சி.

இப்போது வேடந்தாங்கலுக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைத் தடுக்கக் கோரி அந்த ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய்ப் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். வெறும் பாசத்தில் செய்த காரியம் இல்லைங்க அது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் மடை வழியாக வயலுக்கு வந்தால் உரத்தோடு வரும். கணக்குத் தெரிந்த விவசாயிகள் அவர்கள்.

2022ல் வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை மூன்றுக்கும் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. நல்லதுதான். ஆனால் வேடந்தாங்கலில் கூடு கட்டும் நாரைக்கு அந்த ஏரி மட்டும் போதாது. சுற்றியிருக்கிற ஏரிகளிலும் வயல்களிலும்தான் நத்தையும் மீனும் பொறுக்கித் தின்கிறது. கூடு அங்கே, சாப்பாடு இங்கே. 2020ல் சரணாலயத்தின் எல்லையை 5 கிலோமீட்டரிலிருந்து 3 கிலோமீட்டராகக் குறைக்க ஒரு யோசனை வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது இதனால்தான்.

பெயர் பெற்ற ஏரிக்காகக் குரல் கொடுக்க ஆள் இருக்கிறது. பெயர் தெரியாத ஏரிக்கு யார் இருக்கிறார்கள்? சென்னை நெரிசலைக் குறைக்கத் துணை நகரமாகத் திட்டமிட்ட ஊர் மறைமலை நகர். தொழிற்சாலை வந்தது, ஜி.எஸ்.டி. ரோடு அகலமானது, வயலில் மனைக்கல் முளைத்தது. ஏரி சாகும் விதம் ஒரே மாதிரிதான். முதலில் வரத்துக் கால்வாய் அடைபடும். தண்ணீர் நிற்காது. சீமைக்கருவேலம் ஏறும். பிறகு, "சும்மா கெடக்கற இடம்" என்று பெயர் வைப்பார்கள். "இங்கே கூழைக்கடா வரும், முக்குளிப்பான் குஞ்சு பொரிக்கும்" என்று ஒரு கிழவர் சொன்னால் அது கதை. பத்துப் பேர் ஐந்து வருஷம் தேதி போட்டு எழுதினால் அது ஆதாரம்.

கடற்கரையில் இதைப் பார்த்தோம். 1988லிருந்து சென்னைக் கரையில் மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நடந்து ஆமை முட்டைகளைக் காத்து வருகிறார்கள். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, கரையில் நடந்து எண்ணியவர்கள் இருந்ததால்தான் அது பெரிய செய்தியானது. இழுவலைப் படகுகள் பற்றிக் கேள்வி எழுந்தது. யாரும் எண்ணாமல் விட்டிருந்தால் நாற்றம் அடிக்குது என்று புதைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

அதனால் அடுக்குமாடியில் இருக்கும் உங்களிடம் சிலது கேட்கிறேன். அரிய பறவை தேடி வேடந்தாங்கலுக்கு ஒருமுறை போங்க, தப்பில்லை. ஆனால் காட்டாங்குளத்தூரோ, பொத்தேரியோ, சிங்கப்பெருமாள் கோயிலோ, உங்க வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு ஏரியைத் தத்து எடுத்துக்கொள்ளுங்க. தையில் மட்டும் வந்தால் போதாது; சித்திரையிலும் ஆடியிலும் ஐப்பசியிலும் வாங்க. காக்கா, மைனா, உண்ணிக்கொக்கு என்று சாதாரணத்தையும் விடாமல் எழுதுங்க. பனங்காடையும் ஒரு காலத்தில் சாதாரணம்தான். ஏரி காய்ந்து ஒன்றுமே இல்லை என்றால் அதையும் எழுதுங்க. கூகைப் பொந்தைப் பார்த்தால் இடம் சொல்லிப் படம் போடாதீங்க, அடுத்த வாரமே கூட்டம் கூடிவிடும்.

வரப்பில் நிற்கிற ஆளிடமும் நாலு வார்த்தை பேசுங்க. எந்த மடையில் நத்தைக்குத்தி நாரை இறங்கும், டி வடிவக் குச்சி நட்டால் எந்த நேரத்தில் கரிச்சான் வந்து உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அவரிடம் இல்லாதது பேனாவும் தேதியும்தான். உங்களிடம் அது இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு முழுசாகும்.

பொங்கல் சமயத்தில் சம்பா அறுப்பு ஒரு பக்கம், நவரை நாற்று ஒரு பக்கம் என்று நாங்கள் வயலில்தான் இருப்போம். டிராக்டர் ஓடினால் பின்னாலேயே கொக்குக் கூட்டம் வரும். எண்ண ஆள்தான் வேண்டும். வரப்பை மட்டும் மிதிச்சு உடைக்காம வாங்க.