நெருப்பு இல்லாத மாடியிலும் புகை கொல்லும்



‘நெருப்பில்லாமல் புகையாது’ என்பது நம் பழமொழி. உண்மைதான். ஆனால் நெருப்பு ஓர் இடத்தில் இருக்க, புகை இன்னோர் இடத்துக்குப் போய் ஆளைக் கொல்லும். இதை டிப்ளமா படிக்கிற நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1997 ஜூன் 13. டெல்லி உப்ஹார் தியேட்டர். தீப்பிடித்தது கீழே கார் நிறுத்துமிடத்தில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில். சாவு தேடிப் போனதோ மேலே பால்கனியில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களை. 59 பேர்! 2011 டிசம்பர் 9, கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனை. தீ அடித்தளத்தில், மாண்டவர்கள் மேல்மாடிப் படுக்கைகளில் இருந்த நோயாளிகள். சுமார் 90 பேர். 1980-ல் அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் எம்.ஜி.எம். கிராண்ட் ஓட்டலிலும் இதே கதைதான்.

புகைக்கு யார் வழிகாட்டியது? படிக்கட்டும், ஏ.சி. டக்ட்டும்தான். குளிர்காற்றை அறை அறையாகக் கொண்டுபோகும் அதே டக்ட், தீப்பிடித்தால் புகையையும் அறை அறையாகக் கொண்டுபோகிறது. புளோயர் ஓடிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்!

இதைத் தடுக்கத்தான் டேம்பர். தீத்தடுப்புச் சுவரை டக்ட் கடக்கும் இடத்தில் ஃபயர் டேம்பர் இருக்க வேண்டும், அது 120 நிமிடம் தீயைத் தாங்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, நான்காம் பகுதி. படிக்கட்டுக் கூண்டு வழியாக டக்ட் போகக் கூடாது, நடைபாதையைத் திரும்பும் காற்றுக்கு வழியாக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

அதன் வேலை எளிது. பிளேடைத் திறந்து பிடித்திருப்பது ஃபியூசிபிள் லிங்க் என்னும் சின்ன உலோகத் துண்டு. சுமார் 72 டிகிரி சூட்டில் அது உருகும், பிளேடு மூடிக்கொள்ளும். ஆனால் ஆறிப்போன புகைக்கு லிங்க் உருகாது. ஆகவேதான் புகையை உணரும் டிடெக்டரோடு இணைத்த, மோட்டாரில் மூடும் ஸ்மோக் டேம்பரும் வேண்டும். டிடெக்டர் அடித்ததும் ஏ.சி. காற்று யந்திரமும் நிற்க வேண்டும்.

‘சாரல் விழுற ஊருல இதெல்லாம் எதுக்குல?’ என்று கேட்பீர்கள். தென்காசி 2019-ல் தனி மாவட்டமானது. இன்று ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி என்று எங்கும் ஏ.சி.தான். சீசனில் குற்றாலம் லாட்ஜுகளில் தங்குகிற வெளியூர்க்காரருக்கு எந்தப் படி எங்கே இறங்கும் என்பதே தெரியாது. 2023 ஆகஸ்டில் குற்றாலநாதர் கோயிலருகே தற்காலிகக் கடைகள் எரிந்தபோது, அது திறந்த வெளி. புகை வானத்துக்குப் போக வழி இருந்தது. மூடிய கட்டடத்துக்குள் என்றால்?

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா பீடி சுற்றுகிறார். கோடை லீவில் டக்ட் போடும் ஒருவரிடம் ஹெல்ப்பராகப் போனேன். ஒரு கட்டடத்தில் (பெயர் வேண்டாம்) டிராயிங்கில் நான்கு டேம்பர்; மேலே மாட்டியது ஒன்றே ஒன்று. அதன் பிளேடையும் கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். கேட்டதற்குப் பதில்: “தம்பி, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல எவன் ஏறிப் பாக்கப் போறான்?”

நண்பர்களே, ஏறிப் பார்க்க வேண்டியவன் நாம்தான். நாளைக்கு சைட் சூப்பர்வைசராக நின்று பில்லில் கையெழுத்துப் போடப்போவது நாம்தானே? கேள்வி கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கும் உண்டு. ‘நாலு எழுத்து படிச்ச திமிரு’ என்றும் சொல்வார்கள். அதனால்தான் விதியின் எண்ணும் வருடமும் நம் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். “எனக்குத் தோணுது சார்” என்றால் விரட்டிவிடுவார்கள். “கோடில் இருக்கு சார்” என்றால் ஒரு நிமிடமாவது யோசிப்பார்கள்.

அந்தக் கட்டடங்களில் நாள் முழுக்க நிற்பது யார்? ஜவுளிக்கடையில் சேலை விரிக்கிற அக்கா. வார்டில் ஆயா வேலை பார்க்கிற சித்தி. எல்லாம் நம் வீட்டு ஆட்கள்தான்!

நம் லேபில் ஒரு டேம்பரையாவது வாங்கி வைத்து, லிங்கைக் கழற்றி மூடிக் காட்டுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்போம். வேலைக்குப் போனபின், சுவரைத் தாண்டும் ஒவ்வொரு டக்ட்டிலும் டேம்பரும், அதைச் சோதிக்கக் கதவும் இருக்கிறதா என்று டார்ச்சோடு ஏறிப் பார்ப்போம். கட்டுக்கம்பி இருந்தால் அவிழ்த்துவிட்டுத்தான் இறங்குவோம். செய்வோமா?

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்