பாட்டும் பட்டாவும்: கோர்டில்லெரா மலைகள் பற்றி ஒரு மறுப்பு

சென்ற மாதம் தென்கிழக்காசிய ஆய்வுகள் தொடர்பான ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்தேன். பிலிப்பைன்ஸின் வட லூசோன் மலைகளில் இஃபுகாவோ மக்கள் பாடும் ஹுட்ஹுட் பற்றிய கட்டுரை அது. இலக்கிய அமர்வுக்கென்று அனுப்பியிருந்தேன். நிகழ்ச்சி நிரலிலோ அது 'இயற்கை வளமும் பழங்குடி வாழ்வும்' என்ற அமர்வில் இருந்தது. காரணம் கேட்டபோது அமர்வுத் தலைவர் பெருந்தன்மையோடு விளக்கினார்: அந்த மலைக்குப் புவியியல் உண்டு, தங்கம் உண்டு, நெற்படிகள் உண்டு, இலக்கியம் என்று சொல்லத்தக்க பிரதி இல்லை, இருப்பது வழக்காறு. அவையில் பலர் தலையசைத்தனர். எனக்கு ஒதுக்கிய பன்னிரண்டு நிமிடங்கள் முடிந்திருந்தன. அங்கே சொல்ல இயலாததை இங்கே எழுதுகிறேன். நீளும், பொறுத்தருள்க.

அப்ரா, அபயாவோ, பெங்கெட், இஃபுகாவோ, கலிங்கா, மலை மாகாணம் என்னும் ஆறு மாகாணங்களும் பாகியோ நகரமும் சேர்ந்தது கோர்டில்லெரா நிர்வாகப் பிரதேசம். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளாலான நாட்டில் கடற்கரையே இல்லாத பிரதேசம் இது ஒன்றுதான். லூசோனின் மிக உயர்ந்த சிகரமான புலாக் 2,900 மீட்டரைத் தாண்டுகிறது. சீக்கோ, அக்னோ, அப்ரா ஆகிய ஆறுகள் இங்கே பிறந்து சமவெளியின் வயல்களுக்கு இறங்குகின்றன. (இடையில் ஒரு வேண்டுகோள். கலிங்கா என்ற பெயரைக் கேட்டதும் நம் கலிங்கத்திலிருந்து கப்பல் விடத் தொடங்கும் நண்பர்கள் சற்றே நிதானிக்க வேண்டும். அண்டைச் சமவெளி மொழியொன்றில் பகைவர், தலைவேட்டையர் என்ற பொருளில் வழங்கிய சொல் அது என்பதே அறிஞர் கூறும் விளக்கம். அவ்வாறே, மலை என்றவுடன் குறிஞ்சித்திணை என்று முத்திரை குத்துவதும் ஆய்வு ஆகாது. இரண்டையும் நானே ஒரு காலத்தில் செய்யப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.)

இந்த நிலவரைவைப் பாடநூல்கள் இயற்கையின் செய்தியாகவே தருகின்றன. ஆனால் அங்கே சரிவு என்பது சட்டத்தின் சொல். மார்க்கோஸ் ஆட்சியில் 1975இல் வந்த 705ஆம் எண் ஆணை, 18 விழுக்காடும் அதற்கு மேலும் சரிவுள்ள நிலத்தைத் தனியாருக்கு உரிமையாக்கத்தக்க நிலமாக வகைப்படுத்தக் கூடாது என்றது. முன்பே பட்டா பெற்றவை போன்றவற்றுக்கு விலக்கு இருந்தது. பட்டா என்ற தாளையே கண்டிராத மலைமக்களுக்கு அவ்விலக்கால் என்ன பயன்? செங்குத்தான சரிவைக் கற்சுவரும் மண்சுவரும் எழுப்பி வயலாக்கியவர்கள், அந்தச் சரிவின் காரணமாகவே அரசின் வனநிலத்தில் குடியிருப்போர் ஆயினர். அதே அரசு 2010இல் வெளியிட்ட 20 பெசோ தாளின் பின்புறத்தில் பனாவே நெற்படிகளை அச்சிட்டது. உரிமை கேட்டால் வனம். படம் வேண்டும்போது மரபு.

இதற்கு முந்தைய கதை ஒன்றுண்டு; சட்டம் பயில்வோர் அறிவர். பாகியோவில் மாத்தேயோ கரிஞோ என்ற இபலோய் இனத்தவருக்குச் சுமார் 146 எக்டேர் நிலம் இருந்தது. அமெரிக்கப் படை தன் ஓய்வுமுகாமுக்கென அதை எடுத்துக்கொண்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நினைவுக்கெட்டிய காலம்தொட்டுத் தனியுரிமையில் இருந்த நிலத்தை ஒருபோதும் பொதுநிலமாக இருந்ததில்லை என்றே கொள்ள வேண்டும் என 1909இல் நீதிபதி ஹோம்ஸ் தீர்ப்பெழுதினார். உலகெங்கும் பழங்குடி நில வழக்குகளில் இன்றளவும் எடுத்தாளப்படும் தீர்ப்பு அது. அது வெளிவருமுன்பே கரிஞோ இறந்துவிட்டார். நிலம் வாரிசுகளிடம் திரும்பவில்லை. இன்று அப்பகுதியில் கோல்ஃப் திடலும் விடுதிகளும் இருக்கின்றன. இதனினும் கசப்பானது பின்னர் நடந்தது. 1997ஆம் ஆண்டின் பழங்குடி மக்கள் உரிமைச் சட்டம் கரிஞோ தீர்ப்பின் கொள்கையை ஏற்று எழுதப்பட்டது. அதன் 78ஆம் பிரிவோ, பாகியோ நகரம் தன் பழைய நகரச் சாசனப்படியே ஆளப்படும் என்று விலக்கு அளித்தது. கொள்கை பிறந்த மண்ணுக்குத்தான் அந்தக் கொள்கை முழுமையாகச் செல்லாது.

'வளம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். பெங்கெட் மலைமக்கள் ஸ்பானியர் வருமுன்பே தங்கம் தோண்டிச் சமவெளியோடு வணிகம் செய்தவர்கள். அந்தச் சுரங்கங்களைக் கைப்பற்ற ஸ்பானியர் பலமுறை படையெடுத்தும் நிலைகொள்ள முடியவில்லை. அமெரிக்கர் வந்ததும் சட்டமே வழி திறந்தது: 1903இல் பெங்கெட் நிறுவனம், 1936இல் மங்காயனில் லெபாந்தோ, 1955இல் பிலெக்ஸ். தங்கத்தோடு செம்பும் சென்றது. அக்னோவின் குறுக்கே 1956இல் அம்புக்லாவோ அணையும் 1960இல் பிங்கா அணையும் எழுந்தன. இபலோய் குடும்பங்களின் வயல்கள் மூழ்கின. இழப்பீட்டுக்காக அவர்கள் பல்லாண்டு காத்துக்கிடந்தனர். 1990 சூலை நிலநடுக்கத்துக்குப் பின் வண்டல் நிறைந்து, 1999இல் அம்புக்லாவோ மின்நிலையம் நிறுத்தப்பட்டது. மீண்டும் இயங்கியது 2011இல்தான். வயல் போனது, நடுவில் மின்சாரமும் இல்லை. 2018 செப்டம்பர்ப் புயலில் இத்தோகோனில் மலை சரிந்து, கைவிடப்பட்ட சுரங்கத்தின் பழைய கட்டடத்தில் தங்கியிருந்த சிறுசுரங்கத் தொழிலாளர்களும் குடும்பத்தாரும் பெருந்தொகையாக மண்ணுள் புதைந்தனர். அமர்வுத் தலைவர் 'வளம்' என்று உச்சரித்தபோது இவற்றில் எதுவும் அவர் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

சீக்கோ ஆற்றின் கதை விதிவிலக்கு என்பதால் அதைத் தனியே சொல்ல வேண்டும். 1970களில் அந்த ஆற்றில் நான்கு அணைகள் கட்டத் திட்டமிடப்பட்டது. உலக வங்கி பின்னே நின்றது. கலிங்கா, பொந்தோக் ஊர்கள் எதிர்த்தன. ஒன்றோடொன்று பகைத்திருந்த ஊர்களும், தம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவந்த சமாதான உடன்படிக்கை முறையைக் கொண்டே ஒன்றிணைந்தன. 1980 ஏப்ரல் 24 அன்று தலைவர் மக்லியிங் துலாக் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். திட்டம் கைவிடப்பட்டது. 1987 அரசமைப்பு கோர்டில்லெராவுக்குத் தன்னாட்சிப் பிரதேசம் என்ற ஏற்பாட்டைச் செய்ததன் பின்னணியில் இந்தப் போராட்டம் இருக்கிறது. 1990இலும் 1998இலும் நடந்த பொதுவாக்கெடுப்புகளில் அத்தன்னாட்சி தோற்றது. முதலாவதில் இஃபுகாவோவும் இரண்டாவதில் அபயாவோவும் மட்டுமே இசைந்தன. அது வேறு விவாதம், இங்கே விரிக்கவில்லை.

இனி 'வழக்காறு' என்ற சொல். நெற்படிகள் ஈராயிரம் ஆண்டுப் பழமையானவை என்று சுற்றுலாக் கையேடுகளும் நம் வினாத்தாள்களும் ஓயாமல் சொல்கின்றன. அமெரிக்க மானிடவியலர் ஓட்லி பேயர் போன்றோர் ஊகமாகச் சொன்ன கணக்கு அது. தொல்லியலாளர் ஸ்டீபன் அகபாதோவின் அகழாய்வுகளும் கரிமக் காலக்கணிப்பும் வேறு காட்டுகின்றன: ஈரநில நெல் வேளாண்மை அங்கே விரிந்து பரவியது ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குள், அதற்குமுன் சேம்பு. அதாவது ஸ்பானியர் சமவெளியைப் பிடித்த காலத்தில் மலையில் மக்கள் திரண்டு, நீர்ப்பங்கீட்டையும் உழைப்பையும் ஒழுங்குபடுத்தி, வெல்லப்படாத ஒரு சமூகத்தைக் கட்டினர். இந்தச் செய்தி பெருமையைக் குறைக்கிறது என்று வருந்துவோர் உண்டு. எனக்கோ இதுவே பெருமையாகப் படுகிறது. ஈராயிரம் ஆண்டு அசையாமல் நின்ற மக்களுக்கு வரலாறு இல்லை; நானூறு ஆண்டுகளில் ஒரு பேரரசுக்கு விடையாக மலையைச் செதுக்கிய மக்களுக்கு உண்டு. 'வழக்காறு' என்ற வகைப்பாட்டுக்கு முந்தைய படிமம்தான் தேவைப்படுகிறது: காலமற்ற மலை, ஆசிரியரற்ற பாட்டு.

ஹுட்ஹுட் அப்படிப்பட்டதன்று. விதைப்பிலும் அறுவடையிலும் இறப்பு வீட்டின் இரவுக் காவலிலும், பெரும்பாலும் பெண்களால், தலைமைப் பாடகியும் குழுவுமாகப் பாடப்படும் நெடுங்கதைப் பாடல் அது. முழுவதும் பாட நாட்கள் ஆகும். அம்தலாவோவின் மகனான ஹன்னங்கா ஊர் அலிகுயோனும், தலிக்திகன் ஊர்ப் பும்பக்கயோனும் போரிடும் கதை மிகப் புகழ்பெற்றது. இருவரில் எவரும் வெல்வதில்லை. ஆண்டுக்கணக்கில் போரிட்டபின் சமாதானமாகி, ஒருவர் தங்கையை மற்றவர் மணக்கின்றனர். வெற்றியில் முடியாத வீரகாவியம்! காவிய இலக்கணம் நடத்தும் எந்த வகுப்பும் ஒரு வாரமேனும் நின்று விவாதிக்க வேண்டிய இடம் இது. பெல்ஜியப் பாதிரியார் பிரான்சிஸ் லாம்பிரெக்ட் பல ஹுட்ஹுட்களை மூலத்தோடு பதிப்பித்திருக்கிறார். கலிங்காவில் வளர்ந்த எழுத்தாளர் அமதோர் தகியோ, அலிகுயோன் கதையின் மொழிபெயர்ப்பை 1952இல் ஸ்டான்போர்டில் முதுகலை ஆய்வேடாக அளித்தார். பிரதி இல்லை என்று சொல்வோர் எந்த நூலகத்தில் தேடினர்?

2001இல் யுனெஸ்கோ ஹுட்ஹுட்டை மானுட மரபின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாக அறிவித்து, 2008இல் பட்டியலிலும் சேர்த்தது. அது நலிவதற்கு மதமாற்றத்தையும் கையால் அறுக்கும் முறை மறைவதையும் காரணம் காட்டுகிறது. இரண்டும் பொய்யல்ல. ஆனால் படிகளின் மேலே நீர்காக்கும் முயோங் என்னும் குடும்பக் காடுகள் சுருங்குவதும், வாழ்வுதேடி இளையோர் பாகியோவுக்கும் வெளிநாட்டுக்கும் இறங்குவதும், 1980களில் புகுத்தப்பட்ட பொன்னத்தை நாற்றைத் தின்பதும் பாட்டின் வரலாற்றில் சேராதா? நெற்படிகளுக்கு 1995இல் ஒரு பட்டியல், பாட்டுக்கு இன்னொரு பட்டியல். வயலும் பாட்டும் வெவ்வேறு கோப்புகளாகப் பிரிந்தன. நம் கருத்தரங்கு நிரலும் அதையே செய்தது.

நான் அமர்வில் சொல்லத் தவறிய முதன்மையான செய்தி இதுதான். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மூதாதையர் நிலத்தை மெய்ப்பிக்க எவையெவை சான்றாகும் என்று வரிசைப்படுத்துகிறது. மூத்தோரின் உறுதிமொழி வாக்குமூலம். அதனோடு வழக்கங்களைப் பற்றிய எழுத்துக் குறிப்புகள், வமிசாவளி, மலை, ஆறு, ஓடை, படிவயல் போன்ற அடையாளங்களின் வரலாற்று விவரணை, தாய்மொழியிலிருந்து பிறந்த ஊர்ப்பெயர், இடப்பெயர் பற்றிய குறிப்புகள். வாயால் வழங்கிவந்த சொல்லை நிலத்தின் ஆவணமாக ஒரு நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. இலக்கியத் துறைகள் அதைப் பிரதியாக ஏற்க மறுக்கின்றன. இந்த மறுப்பு வெறும் வகைப்பாட்டுச் சண்டை அன்று. வழக்கங்களும் பெயர்களும் சான்றாவதற்கு எழுத்தில் வந்தாக வேண்டும். எழுதுவோர் பயிற்சி பெற்று வருவது பல்கலைக்கழகங்களிலிருந்து. அவற்றை 'வெறும் வழக்காறு' என்று கற்றுவந்தவர் மேலோட்டமாகப் பதிந்தால், பிழைபட்ட ஓர் ஓடையின் பெயர் ஓர் ஊரின் எல்லையை மாற்றிவிடக்கூடும்.

எதிர்வாதத்தில் நியாயமான பகுதியை மறைக்கமாட்டேன். லாம்பிரெக்ட் பதிப்பித்தது ஒரு பாதிரியார் கேட்டு எழுதிய வடிவம். பாடும்தோறும் மாறும் ஒன்றை அது உறையச் செய்தது. என் இஃபுகாவோ மொழியறிவு அகராதியைக் கையில் வைத்து வரி பிரிக்கும் அளவுக்கே வளர்ந்திருக்கிறது. நான் எழுதுவதும் இரண்டாம் கைச் செய்திதான். ஆனால் இவை கவனமாகப் படிக்க வேண்டும் என்பதற்குக் காரணங்கள். பாடத்திலிருந்து நீக்கக் காரணங்கள் அல்ல.

மேலும், அச்சில் உள்ளவற்றையாவது படித்தோமா? தகியோவின் 'திருமண நடனம்' பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் தலைமுறைகளாகப் பயிலப்படும் சிறுகதை. குழந்தையின்மையால் மனைவியைப் பிரிந்து மறுமணம் செய்யும் கலிங்கா ஆடவனின் கதை. ஜப்பானியத் தந்தைக்கும் இபலோய்த் தாய்க்கும் பிறந்த சினாய் ஹமதாவின் 'தனபாதாவின் மனைவி' 1932இல் வெளிவந்தது. திரினிதாத் பள்ளத்தாக்கில் காய்கறி பயிரிடும் ஜப்பானியர், அவரோடு வாழும் பொந்தோக் பெண். பெரும் நிகழ்ச்சி எதுவும் இல்லை. மலைச்சாலை போட வந்த அயல்நாட்டுத் தொழிலாளர், சந்தைக்கான புதிய வேளாண்மை, கூலிக்கு இறங்கிவரும் மலைப்பெண் என அப்பிரதேசத்தின் பொருளியல் வரலாறு அக்கதையின் சில பக்கங்களுக்குள் அடங்கியிருக்கிறது. 'வளம்' அமர்வினர் இதைப் படித்திருந்தால் எங்கள் விவாதம் வேறு உயரத்தில் நடந்திருக்கும்.

மலைநாட்டார், சமவெளியார் என்ற பிளவே குடியேற்ற ஆட்சியின் விளைபொருள் என்று சகாதாவில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் வில்லியம் ஹென்றி ஸ்காட் 1970களிலேயே வாதிட்டார். ஆளப்பட்டவர் 'பிலிப்பினோ' ஆயினர். ஆளப்படாதவர் 'பழங்குடி' ஆயினர். 1904இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் இகொரோட் மக்களைக் காட்சிப்பொருளாக நிறுத்தியவர் அமெரிக்கர். இகொரோட் பிலிப்பினோ அல்லர் என்று 1943இல் நூலில் எழுதியவரோ பிலிப்பைன்ஸ் அரசியலர் கார்லோஸ் ரோமுலோ. அந்தக் கோட்டை நாம் ஏன் நம் பாடத்திட்டத்தில் மறுபடி வரைகிறோம்?

எங்கள் துறையில் ஆசிய இலக்கியத் தாளின் திருத்தம் வரும் வாரம் விவாதத்துக்கு வருகிறது. இப்போதுள்ள வரைவில் ஹுட்ஹுட், 'இனவரைவியல்: விருப்பப் பாடம்' என்ற பகுதிக்கு நகர்த்தப்பட்டுள்ளது. காவியம் பற்றிய அலகிலேயே அது இருக்க வேண்டும் என்றும், தகியோ, ஹமதா சிறுகதைகளும் 52ஆம் பிரிவின் வாசகமும் அதனோடு வாசிப்புப் பகுதியாக வர வேண்டும் என்றும் எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன். உடன்படும் ஆய்வாளர்களும் மாணவர்களும் தங்கள் கருத்தை வெள்ளிக்கிழமைக்குள் துறைக்கு எழுதுங்கள். மறுப்போரும் எழுதுங்கள், ஆனால் அலிகுயோன் கதையை ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள். தகியோவின் மொழிபெயர்ப்பும் லாம்பிரெக்டின் பதிப்பும் எங்கே கிடைக்கும் என்று கேட்போருக்குச் சொல்கிறேன்.