லாக் போட்டாச்சு... ஆனா எது பூட்டுச்சு? ஜாவா புரோகிராமர்களைக் குழப்பும் ஒரு வாக்கியம்

பஸ் ஜன்னல் வழியா கர்சீப் போட்டு சீட் பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். கர்சீப் யாரையும் தடுப்பதில்லை. 'கர்சீப் கிடந்தா உட்காரக் கூடாது' என்பதை மற்றவர்கள் மதிப்பதால்தான் சீட் காலியாக இருக்கிறது. கண்டுக்காத ஒருத்தர் ஏறிவிட்டால் முடிஞ்சது.

ஜாவாவின் 'சிங்க்ரனைஸ்டு' பிளாக்கும் கர்சீப்தான். ஆனால் பல டுடோரியல்களும், ஆபீஸ்களில் கைமாறும் குறிப்புகளும் "இது ஆப்ஜெக்டைப் பூட்டிவிடும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. படிக்கும் ஜூனியர் என்ன நினைப்பார்? இனி அந்த ஆப்ஜெக்டை வேறு யாரும் தொட முடியாது என்றுதானே! உண்மையில், அதே லாக்கைக் கேட்டு வரும் த்ரெட் மட்டுமே காத்திருக்கும். லாக் கேட்காமல் நேராக வேரியபிளை மாற்றும் த்ரெட்டை ஜாவா நிறுத்தாது.

"இந்த வேரியபிளைப் படிக்கவோ மாற்றவோ வரும் ஒவ்வொரு கோடும் முதலில் இந்த லாக்கை எடுக்க வேண்டும்." இப்படி எழுதினால் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். பொறுப்பு யாருடையது என்பது மட்டும் தெளிவாகிவிடும்.

அடுத்த வில்லன் 'த்ரெட் சேஃப்' என்ற சொல். டிக்கெட் புக்கிங் ஆப்பில் ஒரு மேப் இருக்கிறது. சீட் காலியா என்று பார்ப்பது ஒரு அழைப்பு, பெயரைப் பதிவது இன்னொரு அழைப்பு. தனித்தனியாக இரண்டுமே சேஃப். ஆனால் நடுவில் இருக்கும் நொடித்துளியில் இன்னொரு த்ரெட் புகுந்தால், ஒரே சீட் இரண்டு பேருக்கு! இரண்டு வேலையையும் ஒன்றாக முடிக்கும் 'புட்இஃப்ஆப்சென்ட்' 2004-ல் ஜாவா 5-உடன் வந்தது. ஆனால் 'சேஃப்' என்ற சொல்லை நம்பியவர் அதை ஏன் தேடப் போகிறார்?

ஜாவாவின் அதிகாரப்பூர்வ ஆவணங்கள் பல இடங்களில் இதைச் சரியாகவே சொல்கின்றன. 'சிங்க்ரனைஸ்டுமேப்' பக்கம், மேப்பைச் சுற்றி வரும்போது எந்த ஆப்ஜெக்டில் லாக் எடுக்க வேண்டும் என்பதை உதாரணக் கோடுடனே காட்டுகிறது. 'சிம்பிள்டேட்ஃபார்மட்'டை ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியாக உருவாக்குவது நல்லது என்ற பரிந்துரையும் ஆவணத்தில் உண்டு. எங்கே? நீளமான அட்டவணைகளைத் தாண்டி, கிளாஸ் விளக்கத்தின் கடைசியில். அவசரத்தில் இருப்பவர் அதுவரை ஸ்க்ரோல் செய்வாரா?

'அனுபவம் வந்தா தானா புரியும்' என்பது சீனியர்கள் வழக்கமாகச் சொல்வது. ஆனால் இந்த பக், டெஸ்டிங்கில் பெரும்பாலும் தலைகாட்டாது. கூட்டம் குவியும் நாளில்தான் வரும். அதே பிழையைத் திரும்ப வரவழைத்துக் காட்டுவதே பெரும்பாடு.

எந்த வேரியபிளை எந்த லாக் காக்கிறது என்று கோடிலேயே எழுதிவைக்கும் 'கார்டட்பை' குறிப்பு, 2006-ல் வெளியான 'ஜாவா கன்கரன்சி இன் பிராக்டிஸ்' புத்தகத்தால் பரவலானது. லாக் எடுக்காமல் அந்த வேரியபிளைத் தொட்டால், கூகுளின் 'எரர் புரோன்' கருவி கம்பைல் செய்யும்போதே பிடித்துவிடும்.