சுகர் மட்டும் பார்த்தால் போதுமா?

"உங்களுக்கு சுகர் எவ்வளவு?"

மின்சார ரெயிலிலும் டீக்கடையிலும் இப்போது இதுதான் பேச்சு. சாப்பிடும் முன் 140, சாப்பிட்ட பின் 210 என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்கிறார்கள். கவனம் இருப்பது நல்லதுதான்.

ஆனால், "கல்லீரலில் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "அது எதுக்கு சார்? எனக்கு மஞ்சள் காமாலையே வந்தது இல்லையே!" என்பார்கள்.

கோளாறே அங்கேதான்!

ஊமைக் கிருமி

'பி' வைரஸ், 'சி' வைரஸ் என்று இரண்டு. உடம்பில் தங்கிவிட்டால் 20, 30 வருஷம்கூட சத்தம் போடாமல் இருக்கும். காமாலை வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. கல்லீரல் மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

2022-ம் ஆண்டில் இந்தியாவில் 'பி' வைரஸ் உள்ளவர்கள் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேர். 'சி' வைரஸ் உள்ளவர்கள் 55 லட்சம் பேர். இது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் விஷயமே தெரியாது.

இதற்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்?

சாப்பாட்டில் வரும் சர்க்கரையைச் சேர்த்து வைக்கும் கிடங்கு கல்லீரல்தான். 'சி' வைரஸ் அங்கே குடியேறினால், இன்சுலின் சொல்பேச்சை கல்லீரல் கேட்காது. ரத்தத்தில் சர்க்கரை ஏறும். ஏற்கெனவே சர்க்கரை வியாதி உள்ளவருக்கு வைரசும் சேர்ந்தால், கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் வரும் ஆபத்து கூடும்.

ஏமாற்றும் கணக்கு

'எச்.பி.ஏ.1.சி.' என்று மூன்று மாத சராசரி பார்க்கிறோமே, அதுவும் சில நேரம் ஏமாற்றும். ரத்தத்தின் சிவப்பு அணுவில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அந்த டெஸ்ட். சிவப்பு அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். கல்லீரல் சுருங்கி மண்ணீரல் வீங்கினால் அது சீக்கிரமே அழிந்துவிடும். சர்க்கரை ஒட்டுவதற்கு நாள் ஏது? உண்மையில் சுகர் கூடியிருக்கும். பேப்பரில் குறைவாகக் காட்டும்!

என்ன செய்யலாம்?

சுகருக்கு ரத்தம் கொடுக்கும்போது, இந்த இரண்டு வைரசுக்கும் ஒரு தடவை டெஸ்ட் எடுங்கள். 18 வயதான எல்லோரும் ஒரு முறையாவது 'சி' வைரஸ் டெஸ்ட் எடுக்கவேண்டும் என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 2020-ல் சொல்லிவிட்டது. நாம் ஏன் தயங்கவேண்டும்?

இருக்கிறது என்று வந்தால் இடிந்துபோக வேண்டாம். 'சி' வைரசை மாத்திரையாலேயே ஒழிக்கலாம். பெரும்பாலோருக்கு 12 வாரம் போதும். 'பி' வைரசை அடக்கி வைக்க மாத்திரை இருக்கிறது; வராமல் தடுக்க ஊசியும் இருக்கிறது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய திட்டத்தில் டெஸ்டும் மருந்தும் இலவசம்.

ஒரு எச்சரிக்கை: 'சி' வைரஸ் ஒழியும்போது சுகரும் இறங்கலாம். இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. தெருவுக்குத் தெரு சுகர் முகாம் நடத்துகிறார்கள். ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்தினால், சுகர் பார்க்கப் போனவர் வைரசோடு வீடு திரும்புவார். புது ஊசியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன?

முகாம் நடத்துகிறவர்கள் சுகரோடு வைரஸ் டெஸ்டையும் சேர்த்தால் எத்தனையோ குடும்பம் பிழைக்கும். செய்வார்களா?