தண்ணீர் வந்தது, கூலி தானாக வரவில்லை

அணை கட்டினால் பஞ்சம் தீரும், மின்சாரம் வந்தால் தொழில் பெருகும், சாலை போட்டால் வறுமை ஒழியும் என்று சொல்லாத சர்க்கார் இல்லை. இது பொய்யல்ல, ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியை உழைப்பாளி மக்கள் சொந்த அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. கல்லணைக் கால்வாய் வழியே பட்டுக்கோட்டைப் பக்கத்துப் புன்செய்க் காடுகளும் நெல் கண்டன. 1960இல் தஞ்சை ஜில்லாவுக்குத் தீவிர விவசாயத் திட்டம் வந்தது. புதிய விதை, ரசாயன உரம், கடன் வசதி எல்லாம் வந்தன. களத்தில் நெல் குவிந்தது.

நாற்று நட்டவருக்கும் கதிர் அறுத்தவருக்கும் என்ன வந்தது? அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டுச் சங்கமாய் நின்றதற்காக, 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என 44 பேர் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். அதன் பிறகே, 1969இல், நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அணைக்கும் சட்டத்துக்கும் இடையே 35 ஆண்டுகள்!

கோவையின் கதையும் இதுவே. 1932இல் பைக்காரா மின்சாரம் பிறந்தது. அதைக் கொண்டு மில்கள் பெருகின. ஆனால் 1937-38இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் அவர்களுடைய கூலி சர்க்கார் விசாரணைக்கு வந்தது.

காரணம் என்ன? கால்வாய்த் தண்ணீர் நிலத்துக்குப் பாய்கிறது. நிலம் யாருடையதோ அவர் பத்தாயம்தான் முதலில் நிறைகிறது. மின்சாரம் இயந்திரத்தை ஓட்டுகிறது. லாபம் இயந்திரத்தின் சொந்தக்காரரிடம் போய்ச் சேருகிறது.

அப்படியானால் அணையும் சாலையும் வேண்டாம் என்பதா? இல்லவே இல்லை. சாலை இல்லாத கிராமத்தில் பண்ணையார் சொன்னதே கூலி. சாலையும் பஸ்ஸும் வந்தால் அடுத்த ஊர்க் கூலியைக் காட்டி நியாயம் கேட்கலாம். பிரசவ வலி கண்ட பெண்ணை வேளைக்கு ஆஸ்பத்திரி சேர்க்கலாம். இந்த வசதிகள் நமக்கு வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் வருபவை அவை. யாருடைய தருமமும் அல்ல.

ஆகவே உங்கள் ஊருக்குத் திட்டம் ஏதும் வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். கட்டும் வேலைக்குக் கூலி என்ன? சாலையும் விளக்கும் காலனித் தெருவின் கடைசி வீடு வரை வருமா? பெருகும் விளைச்சலில் உழைத்தவர் பங்கு எவ்வளவு?

தனியாளாய்க் கேட்டால் பதில் வராது. சங்கமாய்க் கேளுங்கள்!