வாயைக் கட்டுவதா, வயிற்றை வெட்டுவதா?

எமக்கு நன்கு அறிமுகமான ஆசிரியை ஒருவர் சென்ற கிழமை எம் இல்லத்துக்கு வந்திருந்தார். உயரம் 155 சென்ரிமீற்றர். நிறை 98 கிலோகிராம். எட்டு ஆண்டுகளாக நீரிழிவுக்குக் குளிசை உட்கொள்ளுகிறார். நிறையைக் குறைக்கும் சத்திரசிகிச்சையைப் பற்றிச் சிந்திக்கும்படி வைத்தியர் கூறினாராம். மாமியாரோ, "வாயைக் கட்டினாற் போதாதோ பிள்ளை, வயிற்றை ஏன் வெட்டுவான்?" என்கிறார். கணவரோ, "நாளைக்கே செய்விப்போம்" என்கிறார். யார் சொல்லைக் கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

மாமியாரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். இவ்வாசிரியை வாயைக் கட்டாதவர் அல்லர். மும்முறை நிறையைக் குறைத்தார். மும்முறையும் இழந்தது திரும்பி வந்தது. ஊரார் இதனை மனவுறுதியின் குறை என்பர். உண்மை வேறு. நிறை குறையத் தொடங்கியதும், பஞ்சம் வந்துவிட்டது போல் உடல் தன்னைக் காக்க முற்படுகிறது. பசியைத் தூண்டும் ஓமோன் மிகுகிறது; உடல் செலவிடும் சக்தியோ சுருங்குகிறது. இதனை எதிர்த்து ஆண்டுக்கணக்கிற் போராடுதல் எளிதன்று.

ஆயினும், கணவரின் அவசரமும் பொருந்தாது. இன்று பெரிதும் செய்யப்படும் சத்திரசிகிச்சைகள் இரண்டு. ஒன்றில், இரைப்பையின் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை அகற்றி, எஞ்சியதை ஒடுங்கிய குழாய்போல் விடுவர். அகற்றியதை மீண்டும் வைத்தல் இயலாது. மற்றதில், இரைப்பையின் மேற்புறத்திற் சிறு பை ஒன்றை அமைத்து, அதனை நேரே சிறுகுடலோடு இணைப்பர். இது 1960களில் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடக்கிய வழியில் வளர்ந்த முறை. இவ்விரண்டும் பசி ஓமோன்களையும் மாற்றுவதால், பலருக்கு நீரிழிவும் வெகுவாகத் தணிகிறது. 2022 இல் வெளியான சர்வதேச நெறிமுறைகள், உடற்றிணிவுச் சுட்டி 35 ஐ எட்டியோருக்கு இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றன. ஆசிய மக்களுக்கு 27.5 இலிருந்தே இதனை எண்ணிப் பார்க்கலாம் என்கின்றன. எம் ஆசிரியையின் சுட்டி ஏறக்குறைய 41.

தகுதி உண்டு, ஆனால் தகுதி மட்டும் தீர்மானம் ஆகாது. தையலிற் கசிவு, இரத்தப்பெருக்கு, இரத்தக்கட்டி ஆகியன அரியவையாயினும் நேரக்கூடியவை. விற்றமின், இரும்பு, கல்சியம் ஆகியவற்றை ஆயுள்வரை உட்கொள்ளவேண்டும். இரத்தப் பரிசோதனையும் தவறலாகாது. பிள்ளைப்பேற்றை ஓராண்டு, ஒன்றரையாண்டு தள்ளிவைக்கவேண்டும். சில ஆண்டுகளின் பின் ஓரளவு நிறை மீளவும் கூடும். கிழமைக்கொருமுறை ஏற்றும் புதிய ஊசிமருந்துகளும் இன்று உள்ளன. எனினும் அவற்றை நிறுத்தினாற் பெரும்பாலும் நிறை திரும்புகிறது.

ஆகவே, கத்தியின் வேலை ஒரு நாளோடு முடியும். அதன் பின்னான வாழ்வோ நெடியது. "அந்த வாழ்வை ஏற்க நான் ஆயத்தமா?" என்பதே அவர் தம்மைக் கேட்கவேண்டிய கேள்வி. எந்த முறை, ஏன் அம்முறை, பின்னர் கவனிப்பவர் யார், மாதந்தோறும் செலவு எவ்வளவு என்பன வைத்தியரிடம் கேட்கவேண்டியவை. வீட்டாருக்கும் ஒரு கேள்வி உண்டு: சிறு கோப்பை உணவோடு அவர் எழும்போது, "இன்னும் ஓர் அகப்பை" என்று வற்புறுத்தாது இருப்பீர்களா?

வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் முடிவு அவருடையது. இரண்டிலும் வெட்கப்பட ஏதுமில்லை. இவற்றையெல்லாம் கேட்டிருந்த ஆசிரியை, அடுத்தமுறை வைத்தியரிடம் மாமியாரையும் அழைத்துச் செல்லப்போவதாகக் கூறி விடைபெற்றார். நல்ல தொடக்கம் அதுவே என்று நாம் எண்ணுகிறோம்.