வலப்பக்க இருக்கை யாருக்கு?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் 'பைலட்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. துறைமுகத்தில் வேலை செய்பவரைக் கேட்டால், வெளிக்கடலில் நிற்கும் கப்பலுக்குப் படகில் சென்று, கயிற்றேணியில் ஏறி, அக்கப்பலைத் துறைக்குள் வழிகாட்டிக் கொணர்பவரே பைலட் என்பார். தண்டவாளத்தோரம் குடியிருப்பவரைக் கேட்டால், சரக்கு வண்டியை இழுத்து வரும் எஞ்சினை ஓட்டுபவரைக் காட்டி, 'லோகோ பைலட்' என்பார். உலகத்தார் முதலில் நினைக்கும் மூன்றாவது பைலட், அதாவது விமானம் ஓட்டுபவர், நம் பகுதிப் பேச்சில் கடைசியாகத்தான் வருகிறார். அது ஏன் என்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கும் விமானத்துக்கும் உறவே இல்லையா? உண்டு. மணலி சுத்திகரிப்பு ஆலையில் உருவாகும் விமான எரிபொருள் பூமிக்கடியில் குழாய் வழியே மீனம்பாக்கம் செல்கிறது. புகையையும் நாற்றத்தையும் நாம் வைத்துக்கொண்டு, எரிபொருளை மட்டும் வானத்துக்கு அனுப்புகிறோம். எண்ணெய் போகும் வழி இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் போகும் வழிதான் இல்லை.

விமானி என்றதும் சினிமாவில் வருவதுபோல் கறுப்புக் கண்ணாடி அணிந்து, நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் பறப்பவரே நம் கண்முன் நிற்கிறார். நான் பேச வருவது அவரைப்பற்றி அல்ல. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பறக்கும் சிறு விமானங்களைப்பற்றி. ஏ.டி.ஆர். 72 என்பது அவற்றில் ஒரு வகை. சுழலும் விசிறிகள் இரண்டு, எழுபது எழுபத்தெட்டு இருக்கைகள், ஓட்டுபவர் இருவர். இடப்பக்கம் அமர்பவர் கேப்டன். வலப்பக்கம் அமர்பவர் துணை விமானி. புதிதாக வேலைக்கு வந்தவருக்கு அந்த வலப்பக்க இருக்கைதான் தொடக்கப் பள்ளி.

அந்த வேலை எளிதன்று. பெரிய ஜெட் விமானங்கள் மேகத்துக்கு மேலே ஏறிப் பறந்துவிடும். ஏ.டி.ஆர். 25,000 அடிக்கு மேல் ஏறுவதில்லை. எனவே ஐப்பசி, கார்த்திகை மழை மேகங்களை அது சுற்றியும் விலகியும் போக வேண்டும். ஒரு மணி நேரப் பயணம், இறக்கம், மறுபடி ஏற்றம் என்று ஒரே நாளில் நான்கு முறைகூடத் தரையிறங்க நேரும். கேப்டன் ஆவதற்கான உயர்நிலை உரிமம் பெற 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஆகவே அது உழைப்பு. கூலிக்குச் செய்யும் வேலை. கிரேன் அறையில் அமர்ந்து பெட்டகங்களைத் தூக்கி வைப்பவரின் கவனத்துக்கும், வலப்பக்க இருக்கையில் அமர்ந்திருப்பவரின் கவனத்துக்கும் இடையே உயரத்தில்தான் வேறுபாடு.

அப்படியானால் அந்த உழைப்பைக் கற்றுக்கொள்ள நாம் ஏன் போகவில்லை? கல்வித் தகுதி தடை என்று சொல்ல முடியாது. ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்து வந்த விதி. நம் வகுப்பில் அமர்ந்திருப்போர் அனைவரும் அதைக் கடந்து வந்தவர்களே. எழுத்துத் தேர்வில் வருவன வானிலையியல், வழியறிதல், விமானத் தொழில்நுட்பம், வான்வழிச் சட்டம் ஆகியவை. காற்றழுத்தமும் வெக்டரும் நமக்குப் புதியனவா?

ஆங்கிலம் தடை என்பார் சிலர். அதுவும் பாதி உண்மையே. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விமானிகளின் ஆங்கிலத்தை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறது. நான்காம் படி போதும். 2008 முதல் அதுவே நடைமுறை. பேச்சில் தாய்மொழியின் சாயல் இருக்கலாம், புரிந்துகொள்ள இடையூறாக அடிக்கடி அமையக் கூடாது என்பதே அந்தப் படியின் இலக்கணம். தமிழ் வழியில் படித்தவனின் நாக்கை அந்தச் சட்டம் இகழவில்லை. இகழ்பவர்கள் நம்மிடையேதான் இருக்கிறார்கள்.

உண்மையான தடை ஒன்றே ஒன்று. அது பணம். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்து பழக வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் எரிபொருள், பயிற்சியாளர், பராமரிப்பு என்று கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் மைய அரசே நடத்தும் இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாடமியில்கூடக் கட்டணம் 40 லட்சத்துக்கு மேல். உரிமம் கிடைத்த பிறகு, எந்த வகை விமானத்தை ஓட்டப் போகிறோமோ அதற்கென்று தனிப் பயிற்சி. அதற்கும் பல லட்சம்.

வங்கிக் கடன் வாங்கலாமே என்று கேட்கலாம். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக ஈடு கேட்பார்கள். ஈடாக வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது? குப்பத்து வீடுகள் பலவற்றுக்குப் பட்டா இல்லை. வாரியக் குடியிருப்பில் ஒதுக்கீட்டுச் சீட்டு இருக்கிறது. பலருக்கு விற்பனைப் பத்திரம் கைக்கு வரவில்லை. அம்மாவின் தாலியும் அக்காவின் தோடும் சேர்ந்தாலும் பத்து மணி நேரப் பறப்புக்குக் காணாது. என்னைப் போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள், கனவு காண்பதற்கு முன்பே வட்டியைக் கணக்கிடப் பழகிவிட்டோம்.

துணிந்து கடன் வாங்கியவரின் கதியையும் பார்க்க வேண்டும். சிற்றூர்களை இணைக்க 1981இல் அரசே தொடங்கிய வாயுதூத் 1990களில் மறைந்தது. சென்னையிலிருந்து இயங்கிய பாரமவுண்ட் 2005இல் தொடங்கி 2010இல் நின்றது. கோவையின் ஏர் கார்னிவல் 2016இல் எழுந்து 2017இல் விழுந்தது. பெங்களூரின் ஏர் பெகாசஸ் 2015இல் பறக்கத் தொடங்கி மறு ஆண்டே இறங்கியது. பெரியவர்களும் தப்பவில்லை: கிங்ஃபிஷர் 2012இலும், ஜெட் ஏர்வேஸ் 2019இலும், கோ ஃபர்ஸ்ட் 2023இலும் பறப்பதை நிறுத்தின. நிறுவனம் மூடினால் முதலாளிக்குத் திவால் சட்டம் இருக்கிறது. துணை விமானியின் தந்தைக்கு என்ன இருக்கிறது? விமானம் தரையில் நின்றாலும் வட்டி நிற்காதே! உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர் பலர். பற்றாக்குறையெல்லாம் பெரும்பாலும் அனுபவம் மிக்க கேப்டன்களுக்குத்தான்.

இப்போது இரண்டாவது பைலட்டை நினைத்துப் பாருங்கள். 1856இல் தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் நம் இராயபுரத்திலிருந்துதான் ஆர்க்காடு நோக்கிப் புறப்பட்டது. அந்நாளில் எஞ்சின் மேடை வெள்ளையருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமே பெரும்பாலும் உரியதாக இருந்தது. கரி அள்ளிப் போடுவது நம்மவர் பங்கு. இன்று? ஐ.டி.ஐ. படித்த தொழிலாளி மகன் ரயில்வே தேர்வு எழுதுகிறான். தேறினால் ரயில்வேயே அவனுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி அளித்து, உதவி லோகோ பைலட் ஆக்குகிறது. ஆயிரம் பயணிகளின் உயிரை அவன் கையில் ஒப்படைக்கிறது. 'முதலில் 40 லட்சம் கட்டு, பிறகு எஞ்சினில் ஏறு' என்று எவரும் சொல்வதில்லை. தரையில் ஓடும் பைலட்டுக்கு ஒரு நீதி, வானில் ஓடும் பைலட்டுக்கு வேறு நீதியா?

'மக்கள் வரிப்பணத்தில் டாக்டரை உருவாக்கலாம். விமானியை ஏன் உருவாக்க வேண்டும்? விமானம் பணக்காரர் ஏறுவதுதானே?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மக்கள் பணம் ஏற்கெனவே வானத்தில் பறந்துகொண்டிருக்கிறது! 2016இல் மைய அரசு 'உடான்' திட்டத்தை அறிவித்தது. 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லா-டெல்லி தடத்தில் அது தொடங்கியது. ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சில இருக்கைகளை 2,500 ரூபாய் அளவில் கொடுக்க வேண்டும். அதனால் நிறுவனத்துக்கு வரும் நட்டத்தை அரசு ஈடு செய்யும். அதில் பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு மாநில அரசுடையது. 2018இல் சென்னை-சேலம் விமானம் வந்தது இத்திட்டத்தால்தான். அதை இயக்கிய நிறுவனம் நின்றுபோனது. 2023இல்தான் சேலத்துக்கு மறுபடி விமானம் வந்தது.

பலன் எப்படி? தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2023இல் அளித்த அறிக்கையைப் பாருங்கள். ஒதுக்கிய தடங்கள் 774. பறக்கத் தொடங்கியவை 371. மூன்றாண்டு முழுவதும் நீடித்தவை 112. அதற்குப் பின்னும் 2023 மார்ச்சில் உயிரோடு இருந்தவை 54. தடங்கள் மறைந்தன, கொடுத்த மானியம் திரும்பவில்லை. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியில் ஏழை மாணவர்களை விமானி ஆக்கியிருந்தால், தடம் மூடினாலும் அவர்கள் கற்ற தொழில் மூடியிருக்காது. பயணச்சீட்டுக்கு மானியம் உண்டு, பயணம் நடத்துபவனின் படிப்புக்கு இல்லை என்பது என்ன கணக்கு?

நம் மாநிலத்துக்கு இது புதிய வழியும் அன்று. முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் ஏழரை விழுக்காடு ஒதுக்கீடு 2020இல் வந்தது. அதனால் கூலித் தொழிலாளியின் மகள் இன்று ஸ்டெதாஸ்கோப் அணிகிறாள். அதே நீதியை ஓரடி நீட்டினால் போதும். நான் கேட்பன மூன்று. ஒன்று: பயிற்சிப் பள்ளிகளுக்கென 2022இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து விமான நிலையங்களில் நம் சேலமும் ஒன்று; அங்கே ஆண்டுக்குச் சில இடங்களேனும் முதல் பட்டதாரிகளுக்கு அரசுச் செலவில் அமைய வேண்டும். இரண்டு: தேர்வு மதிப்பெண்ணாலும் உடல் தகுதியாலும் நடக்க வேண்டும், சிபாரிசால் அல்ல. மூன்று: அப்படிப் படித்தவர் குறிப்பிட்ட ஆண்டுகள் மானியம் பெறும் தடங்களில் பணியாற்ற ஒப்பந்தம் செய்ய வேண்டும். இது பிச்சையன்று, கொடுக்கல் வாங்கல்.

வலப்பக்க இருக்கையில் அமர்ந்துவிட்டால் துன்பம் தீர்ந்தது என்றும் நான் சொல்லவில்லை. 2025 டிசம்பரில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு வழங்கும் புதிய விதிகளுக்கு ஏற்ப ஆள் ஏற்பாடு செய்யாததே பெருங்காரணம். பிறகு அந்த விதிகள் சிலவற்றைத் தற்காலிகமாகத் தளர்த்தவும் நேர்ந்தது. ஓய்வு கேட்பது உழைப்பவன் உரிமை என்பதை 1918இலேயே பக்கிங்ஹாம்-கர்நாடிக் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட மண் நம் வடசென்னை. உறக்கம் கெட்ட விமானியின் கையில் எழுபது உயிர்கள் இருக்கின்றன. வட்டிக்கு அஞ்சும் துணை விமானி 'களைப்பாக இருக்கிறது' என்று வாய்திறந்து சொல்வானா? ஆகவே கடனின்றிக் கற்றவன் அமர்வது பயணிக்கும் பாதுகாப்பு.

நண்பர்களே, அரசு மனம் இரங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே திறந்திருக்கும் கதவுகள் சில உண்டு. இந்திய விமானப்படை கட்டணமின்றி, சம்பளமும் கொடுத்துப் பறக்கக் கற்பிக்கிறது. பட்டதாரிகளுக்கான அதன் பொதுத் தேர்வில் பறக்கும் பிரிவுக்கு வயது 20 முதல் 24 வரை. ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்ஸி. மாணவனும் மாணவியும் எழுதலாம். பட்டியல் இன மாணவர்க்கான மைய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதிகளில் வணிக விமானி உரிமப் படிப்பும் இடம்பெற்றிருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? இன்னொன்று: எந்தப் பள்ளிக்கும் ஒரு ரூபாய் கட்டுமுன் விமானிக்கான மருத்துவச் சோதனையை முடித்துக்கொள்ளுங்கள். 'வேலைக்கு உத்தரவாதம்' என்று சொல்லி முன்பணம் கேட்கும் தரகரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

முடியுமா என்று ஐயுறுவோர்க்கு இரு பெயர்களைச் சொல்வேன். ஒடிசாவின் மல்கான்கிரியில் காவலர் ஒருவரின் மகளாகப் பழங்குடியில் பிறந்த அனுப்பிரியா லக்ரா, 2019இல் இண்டிகோவில் துணை விமானியானார். கேரளக் கடற்கரையின் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த ஜெனி ஜெரோம், 2021 மே மாதத்தில் ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரம் வந்த ஏர் அரேபியா விமானத்தில் துணை விமானியாக வந்திறங்கினார். அவர்களை வாழ்த்துவோம். ஆனால் எங்கோ ஒருவர் மதிலேறிக் குதித்தார் என்பதால் மதிலில் வாசல் இருக்கிறது என்று பொருளாகாது. தனி ஒருவரின் துணிச்சலைப் பாராட்டிவிட்டு, மற்றவர்க்கு வழி அமைக்காமல் விடுவது சமுதாயத்தின் சோம்பல்.

காசிமேட்டில் காற்றின் திசை பார்த்துக் கட்டுமரம் தள்ளியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். காற்றை அறிவது நமக்குக் குலச் சொத்து. மீதி 200 மணி நேரப் பயிற்சி; அதன் விலையை யார் ஏற்பது என்பதே கேள்வி. நாட்டுக்குத் தேவையான ஒரு தொழிலைக் கற்பிக்கும் செலவை, அத்தொழிலால் பயன்பெறும் நாடும் நிறுவனமும் ஏற்க வேண்டும். குப்பத்து வீட்டின் அடுக்களை ஏற்கக் கூடாது. இதை வரும் தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடமும், நம் கல்லூரிக்கு வரும் ஒவ்வொரு விருந்தினரிடமும் கேட்போம். விடை கிடைக்கும்வரை கேட்போம்.